எல்லாவற்றுக்கும் ஆமாம்

மார்ச் 4, 2015, புதன், குமாசி

இன்று பதினொரு பேருக்குப் படிவம் எழுதினேன். சாபமும் சூனியமும் நீங்க எங்கள் சபையில் நடக்கும் விடுதலை ஜெபத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று பாஸ்டர் அசியெடு புதன்கிழமைகளில் எனக்கு ஒரு மேஜை போட்டு உட்கார வைத்துவிட்டார். மற்ற நாளெல்லாம் என் தையல் கடை.

நாற்பத்திரண்டு கேள்விகள். குடும்பத்தில் யாராவது குலதெய்வத்துக்குப் பலி கொடுத்தார்களா? தூக்கத்தில் பறப்பதுண்டா? உங்களுக்கு யாருடைய பெயரை வைத்தார்கள்? பதினேழாவது கேள்வி வரும்போது மட்டும் நான் தலை நிமிர மாட்டேன். கனவில் சாப்பிட்டதுண்டா? கொடுத்தது யார்?

போன வருஷம் ஜனவரியில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். கல்யாணமாகி எட்டு வருஷம், மூன்று முறை கரு கலைந்துவிட்டது. உள்ளதை எழுதினேன்: ஆமாம், அம்மா. கனவில் சோறு போடுகிறவர்கள் சூனியத்தைத்தான் ஊட்டுகிறார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்த நேரம் எப்படி மறந்தது? பாஸ்டர் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். "உன் வயித்தைக் கட்டி வச்சிருக்கிறது வெளியாள் இல்ல, மகளே. அவங்க வாசலை மிதிக்காத. அவங்க கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்காத" என்றார்.

அம்மாவைப் பார்த்துப் பதினான்கு மாதம். அவள் இருக்கும் மம்பொங் இங்கிருந்து ஒரு மணி நேரம்தான்.

மார்ச் 5

மறுபடியும் அந்தக் கனவு வந்தது. வேர்க்கடலைக் குழம்பு, நடுவில் கிழங்கை இடித்துப் பிசைந்த ஃபுஃபு உருண்டை. அம்மா மீன் தலையை என் பக்கம் தள்ளிவிட்டு, "சூடா இருக்கு, ஊதித் தின்னு" என்றாள். விழித்தபோது தலையணை ஈரம். எச்சிலா, கண்ணீரா, தெரியவில்லை.

கம்ஃபர்ட் அக்காவிடம் சொல்லியாக வேண்டும். என் கனவுகளைக் கேட்டு ஜெபிக்க சபை நியமித்த ஆள் அவர்தான். சொன்னால் மூன்று நாள் உபவாசம் போடுவார். உபவாசம் இருந்தால் பசிக்கும். பசித்தால் வேறு என்ன கனவு வரும்?

மார்ச் 9

சொல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

என் கணவர் அடுசெய் தமாலேயிலிருந்து லாரியோடு வந்து சேர்ந்தார். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், "ஒரு நடை போய் அம்மாவைப் பாத்துட்டு வரட்டுமா?"

"எனக்கு உங்கம்மா மேல கோபமில்ல. ஆனா மூணு பிள்ளைங்க, செர்வா. நாலாவதா ஒண்ணு தங்கி, அதுக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா நீ தாங்குவியா?"

அந்த மூன்று முறையும் என்னோடு சேர்ந்து அழுதவர் அவர். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

தெரியாத எண்ணாக இருந்தது, எடுத்துவிட்டேன். யாருடைய போனிலிருந்தோ அம்மா.

"வைக்காத, வைக்காத. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் என்ன செஞ்சா நீ வருவ?"

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் தொண்டையில் இருந்தது. வாயில் வந்தது வேறு: "சபைக்கு வாம்மா. ஒத்துக்கிட்டா ஜெபிச்சு விட்டுடுவாங்க."

"அவ்ளோதானா?" என்றாள், ஏதோ விலை குறைவாகச் சொல்லிவிட்டது போல. நான் கத்தரித்துக்கொண்டிருந்த துணி கோணலாகப் போய்விட்டது.

மார்ச் 25, புதன்

வரிசையில் ஏழாவது ஆள். தலை நிமிராமல் "பெயர்?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா?"

அம்மா. இப்படியா மெலிவாள் ஒருத்தி! ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தும் நீலத் துணியை உடுத்தியிருந்தாள். அது தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. என்மேல் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் மடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

"தூக்கத்துல பறக்கறதுண்டா?" மற்றவர்களிடம் கேட்கும் அதே குரலில்தான் கேட்டேன்.

"ஆமா."

"ஆவிங்க கூடுற கூட்டத்துக்கு..."

"ஆமா, ஆமா."

"அம்மா, கேள்வியை முடிக்க விடு."

"எல்லாத்துக்கும் ஆமான்னே போட்டுடு. வெளியில எத்தனை பேர் நிக்கறாங்க பாரு. இன்னைக்கே முடிஞ்சுடுமா?"

பதினேழாவது கேள்விக்கு மட்டும் யோசித்தாள். "நான் சாப்பிடறதில்ல. உனக்குப் போடுவேன். நீ சரியாவே சாப்பிட மாட்டேங்கற." எனக்குப் பேனா ஓடவில்லை.

யாருக்குத் தீங்கு செய்தீர்கள் என்பது கடைசி. மேஜை மீது குனிந்து, "என்ன சொல்லணும்?" என்று என்னிடமே கேட்டாள். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே புரிந்துகொண்டாள். "என் பேரப்பிள்ளைங்க மூணு பேரையும் நான்தான் தின்னேன். போடு."

போட்டேன். கிழிச்சிருக்கணும். மேஜையைக் கவுத்துட்டு எழுந்திருக்கணும். எந்தச் சூனியக்காரி இப்படி அவசரப்படுவா? எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா இந்த ஒரு தாள் முடிஞ்சா அம்மா கிடைப்பா. எனக்கு அவ வேணும். வேற ஒண்ணும் தோணல.

முத்து முத்தாகத்தான் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

காலையிலேயே விடுதலை ஜெபம். எண்ணெய் பூசி, ஏழு பேர் சுற்றி நின்று அதட்டினார்கள். ஆவி விலகும்போது எல்லோரும் விழுவது போல் அம்மா விழவில்லை. கம்ஃபர்ட் அக்காவைப் பார்த்து "விழணுமாம்மா?" என்று கேட்டாளாம். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, அப்படியே சரிந்து படுத்தாள். முதுகு வலிக்காரி. சபை ஆர்ப்பரித்தது. எத்தனையோ பேர் தேம்பி அழுதார்கள்.

பாஸ்டர் என் கையை எடுத்து அவள் கையில் வைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் நடிக்கிறவர் இல்லை, அதுதான் கஷ்டம்.

மார்ச் 28

அம்மா எங்கள் வீட்டில்! அடுசெய் வழியிலிருந்து போன் செய்து பத்து ஸ்தோத்திரம் சொன்னார். அம்மா தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

ஈஸ்டரும் போய்விட்டது. அம்மா அடுப்பங்கரைக்குள் காலே வைப்பதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். ஏன் என்று இன்று விடாமல் கேட்டேன்.

"நீ வரணும்னுதான் அப்படிச் சொன்னேன். சொல்லும்போது பொய்யாத்தான் இருந்துச்சு. ஆனா அத்தனை பேரு, படிச்சவங்க, அழுதாங்களே செர்வா. ஒண்ணுமில்லாததுக்கா அழுவாங்க? தூக்கத்துல நான் எங்க போறேனோ, எனக்கென்ன தெரியும்?"

முன்பெல்லாம் கனவிலாவது சோறு போடுவாள். இப்போது கனவும் நின்றுவிட்டது. எதிரில் உட்கார்ந்திருக்கிறவளை நினைத்து ஏங்குகிறேன், யாரிடம் சொல்வது இதை?

ஏப்ரல் 14, செவ்வாய்

சண்டை போட்டேன்.

மத்தியானம் என் சமையல். தன் தட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் கோடியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பொறுக்க முடியவில்லை. "சரி, நீ சூனியக்காரி. அது தாய் வழியாத்தான் இறங்கும்னு ஊருக்கே தெரியும். உனக்கு நான் ஒரே பொண்ணு. அப்ப நானும் சூனியக்காரிதான். என் பிள்ளைங்களை நானே தின்னுட்டேன்!"

தட்டை நங்கென்று வைத்தாள். "எவ சொன்னா? என் பிள்ளையை அப்படிச் சொன்னவ எவ? அந்த பாஸ்டரா? செருப்பை எடு, இப்பவே போய் நாலு கேள்வி கேக்கறேன்!" பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது.

"யாரும் சொல்லலம்மா. நான்தான் சொல்றேன்."

"வாயைக் கழுவு! சுமந்து பெத்தவளுக்குத் தெரியாதா நீ யாருன்னு?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவள். அன்று பாஸ்டர் அவளைச் சொன்னபோது நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினான்கு மாதத்தில் ஒரு நாளாவது எனக்கு இந்தக் கோபம் வந்ததா? செருப்பைத் தேடினேனா? இதை அவளிடமே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாய் தின்று பார்த்து, "குழம்புல உப்பே இல்ல" என்றாள்.

ஏப்ரல் 15, புதன்

படிவ மேஜைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி கம்ஃபர்ட் அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். மூன்று முறை அழைத்தார். எடுக்கவில்லை.

நான் எழுந்தபோது அம்மா சந்தைக்கே போய்விட்டு வந்திருந்தாள். சேம்புக்கீரை நறுக்கி அடுப்பில் ஏற்றியிருந்தாள். வெந்ததும் ஒரு கரண்டி எடுத்துத் தானே குடித்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள், தனக்கு ஏதாவது ஆகிறதா என்று. நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அரை மணி நேரம் இருக்கும். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.