மேல்வீட்டு லோர்னா கேட்ட கேள்வி

என் அன்பு இஞ்சாருங்கோவுக்கு,

நாற்பது வருடம் உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன். கடிதத்தில் மட்டும் வேறு பெயர் எதற்கு? ஒரு புதினம் சொல்ல வேண்டும், கை பரபரக்கிறது. நான் வராய் மொழி கதைக்கத் தொடங்கிவிட்டேன்! மேல்வீட்டுப் பிலிப்பைன்ஸ்காரி லோர்னாவின் தாய்மொழி அது.

நீங்கள் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலை நினைவிருக்கிறதா? படியில் வந்த லோர்னா, "எங்கே போகிறீர்கள்?" என்று இத்தாலியனில் கேட்டாள். வெளிக்கிடுகிற ஆளிடம் அப்படிக் கேட்கலாமா? உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு திரும்பி வரவேயில்லை.

மூன்று வருடம் அவளுக்கு நான் முகம் கொடுக்கவில்லை. செத்தவீட்டுக்கு அவள் கொண்டுவந்த சோற்றைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

இன்று காலை அவளுடைய ஊர்ப் பெண் ஒருத்தி படியிறங்கினாள். "டிஇன் கா மகாட்தோ?" என்றாள் லோர்னா. "டிடா லா" என்று சொல்லிவிட்டு மற்றவள் நிற்காமலே போனாள். என்ன கேட்டாய் என்று நானே வாய் திறந்தேன்.

"எங்கே போகிறாய் என்று, சிஞ்ஞோரா. எங்கள் ஊரில் இதுதான் வணக்கம். பதிலுக்கு யார் காத்திருக்கிறார்கள்?" என்றாள் லோர்னா, வழக்கமான இத்தாலிய மரியாதையோடு.

டிடா லா என்றால் 'இங்கே பக்கத்தில்தான்', நம்முடைய 'உதிலைதான்'! அப்படியென்றால் அன்று அவள் உங்களை வணங்கியல்லவா அனுப்பினாள்?

வீட்டுக்குள் வந்து சொன்னால் நம் மகள் விடுவாளா? "கொன்வென்ரிலை படிச்ச ஆள், வணக்கம் சொன்னதுக்கோ மூண்டு வருசம் கோவிச்சனீங்கள்? அவ சனிக்கிழமை மிலானோவுக்கு வேலை மாறிப் போறா. மன்னிப்புக் கேக்கிறதெண்டால் இப்பவே கேளுங்கோ."

"ஓம், பிழைதான். நீ வாயை மூடு" என்றேன்.

பிற்பகலே மேலே ஏறினேன். மன்னிப்பு என்ற சொல்லை உங்களிடம்கூட நான் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன், காரணத்தையும் மறைக்கவில்லை. "என் வாயால்தான் அவர் போனார் என்றா நினைத்தீர்கள்?" என்று அழுதுவிட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். பிறகு என் கையைப் பிடித்து, "வராய் சபாயான்" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தமாம். "காஓன் கிதா", சாப்பிடுவோம் என்று மேசைக்கு இழுத்தாள்.

ஒவ்வொரு சொல்லையும் அவளை மூன்று தரம் சொல்லவைத்து, என் உச்சரிப்புச் சரியான பிறகுதான் சோற்றில் கை வைத்தேன். "சிஞ்ஞோரா, நீங்கள் பள்ளிக்கூடக் கன்னியாஸ்திரியாக இருந்தீர்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள்!

உங்கள் கல்லறையை அவள் இன்னும் பார்த்ததில்லை. எனக்குப் பயந்து வரவில்லையாம். வெள்ளிக்கிழமை நானே கூட்டி வருவேன், இது சத்தியம். அவள் உங்களோடு ஆறுதலாகக் கதைக்கட்டும். நான் தள்ளி நிற்கிறேன்.

பிடிவாதத்தில் ஒரு பிடி குறைந்த உங்கள் மனைவி,
திரேசம்மா