என்னோடு கோர்ட்டுக்கு வந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை பேருந்து வீரபாண்டியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக அயர்னிங் வாசனை வந்தது. சூடான பனியன் துணியில் நீராவி படும்போது எழுமே, சோறு வடிக்கிற மணமும் புது நூலின் மணமும் கலந்த மாதிரி, அதுதான். கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் நீங்கள் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. நீங்கள் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது என்பது கண்ணைத் திறந்த பிறகுதான் உறைத்தது.

நீங்கள் வேலை பார்த்த பெண்கள் உதவி மையம் ஓர் அயர்னிங் பட்டறையின் மாடியில் இருந்தது. கீழே நாளெல்லாம் நீராவி சீறும். மேலே தரை வெதுவெதுப்பாக இருக்கும். விடுதியில் என்னோடு தங்கியிருந்த தோழிதான் என்னை அந்தப் படிகளில் ஏற்றிக் கூட்டிவந்தாள். முந்தின நாள் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் ஸ்டோர் ரூமில் சூப்பர்வைசர் என்னைப் பலாத்காரம் செய்திருந்தான். இந்த ஒரு வரியை இன்று எழுத முடிகிறது. அன்று எனக்கு வாயே திறக்கவில்லை.

என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. “பக்கத்துல உக்காரட்டுங்களா?” என்றுதான் கேட்டீர்கள். தலையசைத்தேன். தரையில் ஒருக்களித்துப் படுத்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத் துகள்கள் விழுவதா ஏறுவதா என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தன. நானும் அவற்றோடு எங்கோ மிதந்து போனேன். அவ்வப்போது உங்கள் வளையல் சத்தம் கேட்கும். ஆள் இருக்கிறார் என்று அறிந்து மறுபடி மிதப்பேன். வெகுநேரம் கழித்து நானாகத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று, உள்ளே யார் இருப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று சொன்னீர்கள். எனக்குச் சம்மதம் இல்லாத பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லலாம் என்றீர்கள். பெண் டாக்டர் வரும்வரை திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். ஏனென்று இன்றுவரை தெரியாது. கீழே வைக்க மறந்துவிட்டீர்கள் போல.

சங்கரன்கோவிலிலிருந்து அம்மா வந்து சேர்ந்தாள். வந்ததும் என் துணிகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தாள். கம்பெனியிலிருந்து யாரோ அவளுக்குப் போன் செய்து, கேஸ் கீஸ் என்று போனால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர் என்று பயமுறுத்தியிருந்தார்கள். ஊருக்குப் போய் மஞ்சள் காமாலை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

“இவ வாழ்க்கையே போச்சும்மா” என்று உங்களைப் பார்த்து அழுதாள்.

“போகலீங்கம்மா. உங்க முன்னாடிதானுங்க உக்காந்திருக்குது” என்றீர்கள்.

பிறகு நிதானமாகச் சொன்னீர்கள். கேஸ் வேண்டாம் என்று நான் முடிவு செய்தாலும் சரி, வேண்டும் என்றாலும் சரி, முடிவு என்னுடையது. இரண்டுக்கும் நீங்கள் கூட இருப்பீர்கள். அம்மா பையை மூடவும் இல்லை, துணிகளை வெளியே எடுக்கவும் இல்லை. அந்தப் பை அப்படியே மாடியில் ஒரு மூலையில் கிடந்தது. அவளும் தங்கிவிட்டாள்.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் இல்லை. கண் சொக்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப்போடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் கொமரலிங்கத்தில் உங்கள் பெற்றோர் வீட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். மத்தியானம் அமராவதிக் கரையில் பாயை விரித்தீர்கள். நல்ல வெயில், நிழலோ குளிர்ச்சியாக இருந்தது. நெல் வயல்களின் மேல் கொக்குகள் எழுந்து எழுந்து அமர்ந்தன. தண்ணீர் எதையோ பாதி சொல்லி நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

“தூங்கு கண்ணு. நான் எங்கயும் போகல” என்றீர்கள்.

கொக்குகள் முதலில் வெள்ளைப் பனியன்களாகின. அப்புறம் வெறும் வெள்ளையாகின. விழித்தபோது வெயில் சாய்ந்து ஆறு செம்பு நிறத்தில் கிடந்தது. அம்மா பாயின் அந்தக் கோடியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தீர்கள். கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் சிரித்தீர்கள். நான் உங்களைத் தூக்கிவிட்டேன். அன்று மாலை பேருந்தில் திரும்பும்போதுதான் கேஸ் நடத்தலாம் என்று உங்களிடம் சொன்னேன்.

வாய்தா மேல் வாய்தாவாக இழுத்தது. சாட்சி சொல்லும் நாளன்று கோர்ட் ஹாலின் கதவைச் சாத்தினார்கள். அவன் முகம் எனக்குத் தெரியாதபடி நடுவே திரை. கூட ஒருவர் இருக்கலாம் என்று ஜட்ஜ் அனுமதித்ததால் நீங்கள் உள்ளே இருந்தீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அப்படி நடந்திருந்தால் ஏன் சத்தம் போடவில்லை? உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பேசக்கூடாது. கண் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“அன்னைக்குப் பயத்துல சத்தம் வரல சார். இப்ப வருது” என்றேன்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. தீர்ப்பு வந்த அன்று நாம் கொண்டாடவில்லை. நீங்கள் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தீர்கள். வெயிலில் நின்று குடித்துவிட்டு, நான் புதிதாகச் சேர்ந்திருந்த கம்பெனிக்கு செகண்ட் ஷிஃப்ட் போய்விட்டேன்.

பிறகு உங்கள் நோய். அதைக்கூடத் தாமதமாகத்தான் சொன்னீர்கள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நான் வந்து உட்கார்ந்தால், எனக்கு வேலை கெடுகிறது என்று முனகுவீர்கள். முனகிக்கொண்டே தூங்கிப்போவீர்கள்.

உங்களை எடுத்த அன்று கொமரலிங்கத்துக்கு அம்மாவும் வந்திருந்தாள். வாசலில் உங்கள் சொந்தக்காரர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒருவரையொருவர் தெரியாத பெண்கள் நிறையப் பேர். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்தவர்கள், சோமனூர் தறிக்காரர் வீட்டுப் பெண், ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்கிறவள். உங்கள் தாய்மாமன் எங்களிடம் வந்து மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஏனுங்க, நீங்கெல்லாம் யாருங்க? எங்க புள்ளைக்கு எப்படிங்க பழக்கம்?”

தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடலாம். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

“எனக்கு ஒரு கொடுமை நடந்தப்ப எங்கூட கோர்ட்டுக்கு வந்தவங்க” என்று வந்தது.

அம்மா தலையைக் குனிந்துகொள்வாள் என்று நினைத்தேன். குனியவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள். எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், “எங்கூட ஆஸ்பத்திரிக்கு” என்றது. ஒடிசாப் பெண் தனக்கு வந்த தமிழில், “நானும்” என்றாள். மற்றவர்கள் பேசவில்லை. பேசாதவர்களையும் எங்களுக்குப் புரிந்தது. தாய்மாமன் கைகூப்பினார். உங்கள் அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். “எங்க போறேன்னு கேட்டா வேலைக்குன்னுதான் சொல்லும். என்ற புள்ள இத்தன பேருகூடப் போயிருக்குதா” என்றார்.

அன்று அங்கே நின்றவர்களில் சிலர் இப்போது சேர்ந்துகொண்டோம். மையத்துக்கு வருகிற பெண்ணுக்கு வாய்தா என்றால், லீவு கிடைத்தவர்கள் போய் கோர்ட் வராண்டாவில் உட்காருகிறோம். அவள் வெளியே வரும்போது தெரிந்த முகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று காலைப் பேருந்தும் அதற்காகத்தான்.

வராண்டாவில் ஒரு குமாஸ்தா யாருக்காக வந்திருக்கிறோம் என்று விசாரித்தார். உள்ளே இருக்கும் பெண்ணுக்காக என்றேன். சொந்தமா என்று கேட்டார். எங்கள் சங்கரன்கோவில் பேச்சில் ‘ங்க’ இந்த அளவுக்குக் கிடையாது, அக்கா. உங்களோடு அலைந்ததில் என் நாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது.

“ஆமாங்க” என்றேன்.