எல்லா மாடியிலும் நிற்கும் லிப்ட்

பெத்தா திக்வா,
வருஷக் கடைசி, எலூல் மாதம், ஞாயிறு காலை.

என் அருமை நேவோ,

அம்மா எழுதுகிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் அரசியலுக்குப் போகிறோம், அரசியலுக்குப் போனால் சண்டைக்குப் போகிறோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீயும் இன்னாவும் சௌக்கியமா? லைப்சிக்கில் குளிர ஆரம்பித்துவிட்டதா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் ரத்த அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. முழங்கால்தான் கேட்க மாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் மாடி ஸோஹாராவும் அவள் வீட்டுக்காரர் மக்லூஃபும் வீட்டை விற்கப் போவதில்லை. அப்பாடா! இதை எழுதும்போதே எனக்கு மூச்சு லேசாக வருகிறது. அவர்கள் விற்க இருந்ததே எனக்குத் தெரியாதே என்கிறாயா? நான்தான் சொல்லவில்லை. சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். காரணம் நான்தான்.

மக்லூஃபுக்கு டிசம்பரில், ஹனுக்கா பண்டிகை சமயத்தில் சர்க்கரை வியாதியால் வலது காலை எடுத்தது உனக்குத் தெரியும், நீயே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாய். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிய மனுஷன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபோதும் "இதுவும் டிரைவர் சீட்டுதான் தம்பி, பிரேக் மட்டும் கைக்கு வந்துடுச்சு" என்று உன்னிடம் சிரித்தாரே. வார நாட்களில் அவருக்குப் பிரச்சினை இல்லை. லிப்டில் இறங்கி, காய்கறிக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஜெப ஆலயத்துக்குத் தானே உருட்டிக்கொண்டு போய்விடுவார். சபாத் ஓய்வுநாளில்தான் மாட்டிக்கொண்டார். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை அவர் ஒரு மின்சாரப் பொத்தானைத் தொட மாட்டார். ஆறு மாடிப் படியை ஒற்றைக் காலால் எப்படி இறங்குவது? ஒரு தடவை நாலு வாலிபர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். "பிரிட்ஜை இறக்குற மாதிரி இறக்கினாங்கடி. திரும்பி வந்து சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டாரு. இனிமே என்னை யாரும் தூக்க வேணாம்னுட்டாரு" என்று ஸோஹாரா சொன்னாள்.

நான் என்ன கல்லா? அப்போது ஒரு யோசனை சொன்னேன். சபாத் அன்று நான் மூன்றாம் மாடியிலிருந்து ஏறி வந்து பொத்தானை அழுத்துகிறேன், எனக்குப் பாவமும் கிடையாது புண்ணியமும் கிடையாது, எனக்குத்தான் கடவுளே இல்லையே என்றேன். ஸோஹாரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உனக்குக் கடவுள் இல்லாம இருக்கலாம்டி, கடவுளுக்கு நீ இருக்கியே! உன்னைப் பாவம் பண்ண வெச்சுட்டு அவரு போய் ஜெபம் பண்ணணுமா? நல்லா இருக்கு உன் உதவி" என்றாள். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

பிறகு அவர்களே ஒரு வழி கேட்டார்கள். லிப்டில் ஒரு கருவி பொருத்தினால் போதும். சபாத் அன்று யாரும் எதையும் தொடாமல் அது தானாகவே ஏறி இறங்கும், ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவைத் திறந்து மூடும். செலவையும் தாங்களே ஏற்பதாகச் சொன்னார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவி என்ற முறையில் நான் கூட்டம் போட்டு ஓட்டெடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நேவோ, அந்தச் சமயத்தில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. நீங்கள் இருவரும் மார்ச்சில் பூரிம் பண்டிகை முடிந்த கையோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு போனீர்கள். இன்னாவின் அம்மா யூதர் இல்லை என்பதற்காக ரப்பி மதகுருக்கள் இங்கே கல்யாணம் செய்து வைக்க மாட்டேன் என்றார்கள், நீங்கள் சைப்ரசுக்குப் போய் மோதிரம் மாற்றிக்கொண்டீர்கள். அதையாவது பொறுத்துக்கொண்டோம். இப்போது ஆட்சியில் இருப்பவர்கள் நீதிபதிகளின் கையையும் கட்டப் போகிறார்கள், இனி இங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது என்று விமான நிலையத்தில் கேட்டாய். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் கொடியைத் தூக்கிக்கொண்டு டெல் அவிவ் போய் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறேன். ஸோஹாரா அதற்கும் கிண்டல் செய்வாள். "வானத்துல மூணு நட்சத்திரம் தெரிஞ்சு சபாத் முடிஞ்ச அப்புறம்தானே கிளம்புறீங்க? உங்க போராட்டமே சபாத்தை மதிக்குது, உனக்கு மட்டும் என்னடி?" என்பாள்.

எங்கள் வாக்குவாதம் உனக்குத் தெரிந்ததுதான். அவள் எப்போதும் ஆளுங்கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவாள். ஜனங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வெச்சவங்க ஒண்ணு செஞ்சா, யாருமே ஓட்டுப் போடாத நீதிபதிங்க எதுக்குக் குறுக்கே விழணும் என்று கேட்பாள். நான் வகுப்பில் வருஷக்கணக்காகச் சொன்ன குடிமையியல் பாடத்தை அவளுக்கும் எடுப்பேன். பெரும்பான்மை நினைத்ததையெல்லாம் செய்யலாம் என்றால் அதற்குப் பெயர் ஜனநாயகம் இல்லை, சிறு கூட்டத்தைக் காப்பாற்றத்தான் நீதிமன்றம் என்பேன். அவள் கேட்டுக்கொண்டே, வெள்ளிக்கிழமை மீன் குழம்பில் எனக்கு ஒரு துண்டு எடுத்து வைப்பாள். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

ஏப்ரலில், பெசாக் பண்டிகை முடிந்த வாரம் கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினேன். லிப்ட் சத்தம் என் படுக்கையறைச் சுவரில் கேட்கும் என்றேன். சபாத் முழுக்க லிப்டுக்குக் காத்து நிற்க வேண்டும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்றைக்கு லிப்ட், நாளைக்கு இந்த மதக்காரர்கள் சபாத்தில் கார் எடுக்காதே என்பார்கள், நாளை மறுநாள் உன் சமையலறைக்குள் வருவார்கள் என்றும் சொன்னேன். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. நாலைந்து பேரைத் தவிர எல்லாரும் வேண்டாம் என்று கை தூக்கினார்கள்.

ஸோஹாரா எழுந்து நின்றாள். "இது லிப்ட் விஷயமே இல்ல. உன் மகன் போன கோபத்தை என் புருஷன் மேல காட்டுற" என்றாள், எல்லார் முன்னாலும். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதால்தான் இன்னும் மோசமாகப் பேசினேன். பெரும்பான்மை முடிவு ஸோஹாரா, நீதானே எப்போதும் சொல்வாய் என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவள் நாற்காலியை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை மீன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. பிறகு தகவல் பலகையில் "ஆறாம் மாடி, விற்பனைக்கு" என்று அவள் கையெழுத்தில் ஒரு தாள். தெற்கே நெத்திவோத் ஊரில் இருக்கும் மகள் தன் வீட்டுக்குப் பக்கத்தில் தரைத்தள வீடு பார்த்துவிட்டாளாம். தினமும் அந்தத் தாளைத் தாண்டித்தான் நான் வெளியே போக வேண்டும். நீ போனாய், இப்போது அவர்களும் போகப் போகிறார்கள், இவர்களை நானே துரத்துகிறேன். அதை யாரிடம் சொல்வது?

ஆனால் வாங்க ஆள் வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. நீதிபதிகளையே பிடிக்காத ஸோஹாரா, என் மேல் வழக்குப் போட்டுவிட்டாள்! கட்டடத் தகராறுகளைத் தீர்க்க நிலப்பதிவு அலுவலகத்தில் நீதிபதி அதிகாரத்தோடு ஒருவர் இருப்பார், அவரிடம். விசாரணை எந்த வாரம் வந்தது தெரியுமா? அரசாங்கத்தின் முடிவைப் பார்த்து "இது நியாயமானதா?" என்று நீதிபதிகள் கேட்பதையே தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்களே, அதே வாரம். என் தோள்பையில் "நியாயமா என்று கேட்கும் உரிமையைத் தொடாதே" என்று போராட்டத்தில் கொடுத்த ஸ்டிக்கர். கிளம்பும் அவசரத்தில் அதே பையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

நீதிபதி உன் வயதுப் பெண். முறையாக ஓட்டெடுத்துத் தோற்ற ஒன்றை நான் எதற்கு மாற்ற வேண்டும் என்று முதலில் ஸோஹாராவைத்தான் கேட்டார். அவளுக்கு வக்கீல் கிடையாது. பக்கத்தில் மக்லூஃப், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. அவள் சொன்னாள்: "அம்மா, இருபது வீடு கை தூக்கினா என் புருஷனை ஆறாவது மாடியில கட்டிப் போட்டுடலாமா? நாங்க கம்மிப் பேருதான். கம்மிப் பேருன்னா யாருகிட்ட போய்ச் சொல்றது? அதான் உங்ககிட்ட வந்தோம்." எனக்குப் புல்லரித்துவிட்டது நேவோ. என் பாடத்தை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். கை தட்டலாம் போலிருந்தது, ஆனால் நான் எதிர்க்கட்சி.

அடுத்து நீதிபதி என் பக்கம் திரும்பினார். நான் கூட்டக் குறிப்பை எடுத்தேன். ஓட்டெடுப்பு ஒழுங்காக நடந்ததா என்று நான் கேட்கவில்லை, முடிவு நியாயமானதா என்று கேட்கிறேன் என்றார். சொல்லும்போது அவர் கண் என் பையில் இருந்தது. வகுப்பில் எந்தப் பிள்ளையும் என்னை மடக்கியது கிடையாது. இவர் மடக்கிவிட்டார். கடைசியில், இல்லை, நியாயமில்லை என்றேன். கூட வந்த எட்டாம் மாடி பல் டாக்டர் மேசைக்குக் கீழே என் காலை ஓங்கி மிதித்தார்.

கூட்டத்தின் முடிவு நியாயமற்றது என்று நீதிபதி எழுதினார். சபாத்தில் மூன்று ஜெப வேளைகளையும் ஒட்டி லிப்ட் தானாக ஓடும், மற்ற நேரத்தில் எல்லாருக்கும் வழக்கம்போல் ஓடும். நான் தோற்றுவிட்டேன். தோற்றுவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன், அத்தனை நிம்மதி.

"தோத்தவங்கதான் டாக்சிக்குக் காசு குடுக்கணும்" என்று பின்னால் ஒரு குரல். மூன்று மாதத்துக்குப் பிறகு ஸோஹாரா என்னிடம் பேசிய முதல் வார்த்தை. டாக்சியில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இப்போதாவது தெரிகிறதா நீதிமன்றம் எதற்கு என்று என்றேன். "இந்தப் பொண்ணு நல்லவ. ஜெருசலேம்ல உச்ச நீதிமன்றத்துல உக்காந்திருக்காங்களே, அவங்க வேற. அடுத்த தேர்தல்லயும் என் ஓட்டு ஆளுங்கட்சிக்குத்தான்" என்றாள். நான் திருப்பிக் கத்த, அவள் கத்த, முன் சீட்டிலிருந்து மக்லூஃப் "ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா, இல்ல நான் இறங்கி நடந்து போகட்டுமா?" என்றார். டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

அன்று மாலை நான் மேலே போனேன். நீ சொன்னது சரிதான், என் மகன் போன கோபத்தைத்தான் உன் வீட்டுக்காரர் மேல் காட்டினேன், என்னை மன்னித்துவிடு என்றேன். "எனக்கு அப்பவே தெரியும். அதனாலதான் உன் தலையில குழம்பை ஊத்தாம விட்டேன். உக்காரு" என்றாள். வீடு விற்பனைத் தாளை மறுநாள் அவளே கிழித்தாள்.

மெக்கானிக் இழுத்தடித்து, போன வாரம்தான் கருவி வேலை செய்ய ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை மாலை நான் குப்பைப் பையோடு என் மாடியில் நிற்கிறேன், லிப்ட் தானாக வந்து திறக்கிறது. உள்ளே மக்லூஃப், வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஷேவ். கதவு லேசில் மூடாது, அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். "சபாத் ஷாலோம் டீச்சர். குப்பைக்கும் இடம் இருக்கு, ஏறுங்க" என்றார். கீழே போகும்வரை ஒவ்வொரு மாடியிலும் யாராவது நின்றார்கள். கை தூக்கி வேண்டாம் என்றவர்களும் சபாத் ஷாலோம் சொன்னார்கள். சத்தம் படுக்கையறையில் கேட்கத்தான் செய்கிறது. கேட்டுவிட்டுப் போகட்டும்.

இனி சொல்லப் போவதை இன்னாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படி. நேற்றுக் காலை ஜெப ஆலயத்தில் மக்லூஃபைத் தோரா வேத வாசிப்புக்கு அழைத்தார்களாம். அப்படி அழைக்கப்பட்டவர் தனக்கு வேண்டியவர்களின் பெயரைச் சொல்லி ஆசி கேட்கலாம், தாயின் பெயரோடு சேர்த்து. ஸோஹாரா மேலே பெண்கள் பகுதியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். தன் பிள்ளைகள் பெயரைச் சொன்னார். அப்புறம் "ஹாகித்தின் மகன் நேவோ." அப்புறம் "லூத்மிலாவின் மகள் இன்னா." அந்தப் பெயரில் ஆசி ஓதுபவர் நின்றுவிட்டாராம், இது யூதப் பெயர் இல்லையே என்று கண்ணாடிக்கு மேலே பார்த்தாராம். மக்லூஃப் நாற்காலியைத் தட்டி, "லூத்மிலாதான்யா. சத்தமாச் சொல்லு. அவ பொண்ணு எங்க மூணாவது மாடி மருமக" என்றாராம். ஓதினார்கள். கூடம் முழுக்க ஆமென் சொன்னதாம்.

எனக்கு நம்பிக்கை கிடையாது, அது உனக்குத் தெரியும். ஆனாலும் ஸோஹாரா இதைச் சொன்னபோது அவள் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். உங்களுக்குக் கதவைச் சாத்திய ரப்பிகளின் அலுவலகம் இன்னும் சாத்தியபடிதான் இருக்கிறது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நேற்று இரவும் கொடியோடு போனேன், வரும் சனிக்கிழமையும் போவேன்.

வா என்று எழுதக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். எழுதவில்லை. பிறக்கப் போகும் வருஷத்தில் உங்கள் இருவர் பெயரும், புது வருஷத்தில் கடவுள் எழுதுவதாகச் சொல்வார்களே, அந்த வாழ்வின் ஏட்டில் அருகருகே எழுதப்படட்டும். நீங்கள் வந்து சேரும்வரை சபாத் தவறாமல் உங்கள் பெயரைச் சொல்லச் சொல்வேன் என்கிறார் மக்லூஃப். அவருக்கு உடம்பு முன்போல் இல்லை, கண்ணா. அவரை ரொம்ப நாள் காக்க வைக்காதே.

உன் அம்மா,
ஹாகித்