நாலு சக்கரமும் இழுத்தது, அக்கா

என் பிடிவாதக்கார சுமதி அக்காவுக்கு,

வண்டியை விற்கவில்லை. மற்றதெல்லாம் அப்புறம். நீ போய் எட்டு மாசம் ஆகிறது. இந்த எட்டு மாசத்தில் நம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "அந்தக் காரை இன்னா பண்ணப் போற?" நீ எப்படிப் போனாய், கடைசியில் வலித்ததா என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ வேலூரில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். சென்னையில் வெளிநாட்டுக் கார்களைப் பழுது பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவள். நான் பத்தாவதோடு நின்றுவிட்டு, சந்தவாசலிலிருந்து மலை ஊர்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பை ஓட்டுகிறேன். எந்த வண்டியையும் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த உனக்கு, அதை ஓட்ட மட்டும் வரவே வராது. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் வேலியில் போய் நிற்பாய். எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது, ஆனால் ஸ்டியரிங் பிடித்தால் தூங்கிக்கொண்டே கூட மலை ஏறுவேன். இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு முழு டிரைவர் என்று நீ சொல்வாய்.

சென்னையில் வெள்ளம் வந்தபோது மூழ்கிய கார் அது. இரண்டு கதவு, இரண்டு சீட்டு, தலைக்கு மேல் துணிக் கூரை, எஞ்சின் பின்பக்கம். வேண்டாம் என்று எல்லாரும் கைவிட்டதை நீ பழைய இரும்பு என்று எழுதி வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தாய். கரும்பு டிராக்டர் நிற்கிற கொட்டகையில் இறக்கினோம். சீட்டுக்கு அடியிலிருந்து சேறு கொட்டியது. ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. புருஷன் வீட்டை விட்டு வந்தவளுக்கு ஜோடியாக ஒரு செத்த காரு என்று ஒருத்தர் சொன்னது உன் காதிலும் விழுந்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து வேலையை ஆரம்பித்தாய்.

மூணு வருஷம். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், தப்பு இருந்தால் சிரித்துக்கொள். இந்த மாதிரிக் கார் பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் ஓடும். எஞ்சினின் கனமும் பின்னாடிதான். ஆனால் நடுவில் ஒரு நீண்ட ஷாஃப்ட் முன் சக்கரத்துக்குப் போகிறது. முன்னாடி மூடி போட்ட ஒரு டிரம், அதற்குள் அடுக்கடுக்காகத் தகடுகள், தகட்டுக்கு இடையில் கெட்டி எண்ணெய். பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு வேகமாகச் சுற்றினால் அந்த எண்ணெய் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உடனே இழுவை முன் சக்கரத்துக்கும் போய்விடும். "கேவுரு களி கிண்டுறப்போ மெதுவா துடுப்பு போட்டா நழுவும், வேகமா போட்டா சட்டியே கூட வருது இல்ல, அதான்டி இது" என்று சொன்னாய். அம்மாவுக்கே புரிந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப் ஆட்கள் அந்த டிரம்மைத் தூக்கிப் போடச் சொன்னார்களாம். நீ ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் உள்ளே போகவில்லை, உயிரோடு இருக்கிறது என்றாய். கூரையைத் தூக்குகிற மோட்டார்தான் செத்திருந்தது. அதைக் கழற்றி வீசிவிட்டுக் கையாலேயே மடக்குகிற மாதிரி செய்தாய். கூரை இல்லாத வண்டி, மூடி எடுத்த பிஸ்கட் டப்பா மாதிரி முறுக்கிக்கொள்ளும் என்று இரண்டு கதவுக்கும் கீழே இரும்புப் பெட்டிச் சட்டம் வைத்து வெல்டிங் பண்ணினாய்.

பேப்பரெல்லாம் சரியாகி, படவேடு ரோட்டில் நான் முதலில் ஓட்டிய நாளில் நமக்குள் சண்டை. வளைவில் பின்பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று நான் கத்தினேன்.

"நீ பாதி வளைவுல ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுக்கற. அது ஜீப்பு பழக்கம்" என்றாய். "இதுல காலை எடுத்தா முன்னாடி லேசாயிடும், பின்னாடி கனம் சுத்திக்கினு வரும். காலை வை. லேசா மிதிச்சிக்கினே போ."

"ஓட்டத் தெரியாதவ எனக்குச் சொல்ற."

"கட்டனவ சொல்றேன்."

அதற்குப் பிறகு மலைக்கு ஏற்றிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்குள் உன் மார்பில் அந்தக் கட்டி. வண்டி தார்ப்பாய்க்கு அடியில் போனது. நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய்.

ஆஸ்பத்திரியில் உன்னிடம் நான் பொய் சொன்னேன். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் சொன்னேன்.

"வண்டிய மலைக்கு ஏத்திட்டேன்க்கா. சூப்பரா ஏறிச்சி."

நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய். "சேத்துல போறப்போ ஸ்டியரிங் கனமாச்சா?"

"இல்லக்கா. வெண்ணெ மாதிரி இருந்துச்சி."

"அப்ப நீ ஏத்தல. முன் சக்கரம் இழுத்தா ஸ்டியரிங் கனமாவும்டி." சிரித்தாய். சிரிப்பு இருமலானது. "போய் ஏத்திட்டு வந்து சொல்லு."

நான் ஏற்றுவதற்குள் நீ போய்விட்டாய். அந்த அவசரம் உனக்கு எதற்கு?

சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. உன்னைத் தூக்கிப் போனபோது முதல் தோள் அவருடையது. ஆனால் அந்த வண்டிதான் உன் உயிரைக் குடித்தது என்று அவர் நம்புகிறார். ராத்திரி பகல் பார்க்காமல் அதற்கு அடியில் படுத்துக் கிடந்துதான் உனக்கு நோய் வந்ததாம். எத்தனை தரம் டாக்டர் சொன்னதைச் சொன்னாலும் கேட்கவில்லை. கல்யாண மண்டபம் வைத்திருக்கிற ஒருத்தரைப் பார்த்து விலை பேசிவிட்டார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் திறந்த கார். ஊருக்குள் ஓட்ட நாலு சக்கர இழுவை எதற்கு, முன் ஷாஃப்டையும் டிரம்மையும் கழற்றிவிட்டால் பழுது குறையும் என்று அந்த ஆள் சொன்னாராம்.

அந்த டிரம்மை, அக்கா. நீ கையால் சுற்றிப் பார்த்து உயிரோடு இருக்கிறது என்று சொன்னதை.

"விக்க மாட்டேன்" என்றேன்.

"மலை ஏறாத காரு, மழையில நிக்காத காரு. வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவ?" என்று சித்தப்பா கேட்டார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு அவரு வர்றாரு."

மறுநாள் காலை எட்டு மணிக்கே தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். பேட்டரியை ஏற்கெனவே சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். சாவியை இரண்டாவது தரம் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. கூரையை மடக்கிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தாள். நீ போனதிலிருந்து அந்தக் கொட்டகைப் பக்கமே அவள் வந்ததில்லை.

"எங்கம்மா?"

"நீ எங்க போறியோ அங்க. பேசாம எடு."

கண்ணமங்கலம் போய் அமிர்திப் பக்கம் திரும்பினேன். காட்டுக்குள் நுழைந்ததும் தூறல் பிடித்தது. கூரையைப் போட நிற்க வேண்டும், இரண்டு பேர் இழுக்க வேண்டும். நான் நிற்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், ஓடுகிற வரைக்கும் நாங்கள் நனையவே இல்லை. கண்ணாடிக்கு மேலே மழை பறந்து பின்னாடி போய்விட்டது. எஞ்சின் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்து காதுக்குள் இறங்கியது. மூடிய காரில் இருக்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வண்டிகள் நின்றிருந்தன. மேட்டிலிருந்து செம்மண் கரைந்து ரோட்டில் வழிந்திருந்தது. புளி மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று ஏற முடியாமல் பின் சக்கரம் சுற்றி நின்றுவிட்டது. அதைத் தாண்ட உள்பக்கம் ஒரு வண்டி அகலம் இருந்தது, முழுக்கச் சேறு. நின்றதும் மழை எங்கள் மேல் கொட்டியது. லாரிக்காரர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இது ஏறாதும்மா. வயிறு தரையில இடிக்கும். திருப்பிக்கினு போய்டுங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். தலையிலிருந்து தண்ணீர் வழிய நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஏறும்னு சொன்னாளா இல்லியா?"

"சொன்னா."

"அப்ப போ."

முதல் கியர். கிளட்சை மெதுவாக விட்டேன். பின்பக்கம் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது. காலை எடுக்கச் சொல்லி உடம்பு முழுக்கக் கெஞ்சியது. எடுக்கவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. அப்புறம் ஸ்டியரிங் என் கையில் கனமானது, அக்கா. நீ கேட்டாயே, அதே கனம். யாரோ மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்த மாதிரி முன் சக்கரம் இரண்டும் சேற்றைக் கவ்வின. மூக்கு வளைவுக்குள் திரும்பியது, பின்பக்கம் அடங்கி அதன் பின்னாலேயே வந்தது. அடியில் ஒரு தரம் சரட்டென்று உரசியது. மேலே வந்துவிட்டோம். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

ஜமுனாமரத்தூரில் டீக்கடை ஓரம் நிறுத்தினேன். நாங்கள் இரண்டு பேரும் கோழிக்குஞ்சு மாதிரி நனைந்திருந்தோம். சந்தைக்குச் சாமை கொண்டுவந்திருந்த மலைக்காரர் ஒருத்தர் சேறு அப்பிய சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "கீழ லாரியே நிக்குதுன்றாங்க. இத எந்த ஊர்லம்மா செஞ்சாங்க?" என்றார்.

நான் வெளிநாட்டின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"சந்தவாசல்ல. எம் பெரிய பொண்ணு செஞ்சா."

அப்புறம்தான் அழுதாள். எட்டு மாசமாக அழாதவள். நான் தடுக்கவில்லை. டீ ஆறிப்போனது.

சாயங்காலம் வீடு திரும்பினால் மண்டபத்துக்காரர் காத்திருந்து போய்விட்டிருந்தார். சித்தப்பா மட்டும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். சக்கரத்து மண்ணைச் சுரண்டிப் பார்த்தார், மலை மண்தானா என்று.

"ஒரு தடவ ஏறிச்சி. சரி. அதோட வுட்டுடும்மா."

"அவ ஒரு தடவைக்குக் கட்டல சித்தப்பா" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். மறுபடி வருவார், தெரியும். வரட்டும்.

உன்னிடம் ஒரு புகாரும் இருக்கிறது. செத்துப்போனவள் என்பதற்காக விடமாட்டேன். குழியில் இறங்கினால் முன் கண்ணாடிச் சட்டம் இன்னும் நடுங்குகிறது. நீ வைத்த இரும்பு போதவில்லை. வலது முன் சக்கர ரப்பர் உறையும் உரசிக் கிழிந்து கிரீஸ் ஒழுகியது. இறக்கத்தில் வண்டி என்னை விட வேகமாக யோசிக்கிறது, அதற்கு நான் இன்னும் பழக வேண்டும்.

வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். அந்த வண்டி மேல் உன் போட்டோ வைத்து மாலை போட மாட்டேன். கொட்டகையில் சாமி மாதிரி நிறுத்தி வைக்க மாட்டேன். நசுங்கினாலும் கீறல் விழுந்தாலும் ஓட்டுவேன். ஜீப் ஓடாத ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அது மலை ஏறும், கூரை திறந்தே ஏறும். ஊர் பார்க்கட்டும். நான் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நேற்று ரப்பர் உறையைக் கழற்ற இரண்டு மணி நேரம் ஆனது, கையைக் கிழித்துக்கொண்டேன். ஆனால் கழற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
கிரீஸ் கையோடு,
உன் ஒரே தங்கச்சி மகேஸ்வரி