சமையற்கூடத்துச் செயலாளர்

2012 மார்ச் 6
ஊர்க் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்திலிருந்து குவோ வந்தார். தேநீரைத் தொடவில்லை. முதலாளிகளின் பாஸ்போர்ட்டையெல்லாம் ‘பத்திரமாக’ வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். ஷூ கம்பெனிக்காரன் கூலி கொடுக்காமல் இத்தாலிக்கு ஓடியதிலிருந்து எங்கள் எல்லாரையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள்.
“அவன் வேற, நான் வேற” என்றேன்.
“ஓடுறதுக்கு முந்தின நாள் அவனும் இப்பிடித்தாம்மா சொன்னான்.”
கொடுத்துவிட்டேன்.

மார்ச் 9
கம்பெனிக்குள் கட்சிக் கிளை வேண்டுமாம். என்னிடம் வேலை பார்ப்பவர்களில் மூன்று பேர் கட்சிக்காரர்கள். மூத்தவர் கேன்டீன் சமையல்காரர் ஷியாங் அண்ணன். பட்டாளத்தில் இருந்தபோதே சேர்ந்தவர். இன்று முதல் அவர்தான் செயலாளர். ஏப்ரனோடு என் அறைக்கு வந்து நின்றார்.
“வேண்டாம்னேன் முதலாளியம்மா, கேக்கல. உங்க கூட்டத்துலயெல்லாம் நானும் உக்காரணுமாம். கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிருங்க, சோறு தீஞ்சிரும்.”
சிரித்தேன். அவர் போனபின் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 21
நாங்கள் செய்கிற மூக்குக்கண்ணாடி பிரேமுக்கு ஆர்டரே இல்லை. பாலிஷ் பிரிவை மூடலாமா என்று கேட்டேன். “இந்த வருஷம் கட்சி மாநாடு. ஒருத்தரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது” என்றார் குவோ. சரி, கம்பெனியை விற்கலாமா? அதுவும் கூடாது. என் வீட்டுக்காரர் இறந்தபின் ஒற்றை ஆளாக நின்று வளர்த்தேன். மூட முடியாது, விற்க முடியாது — அப்புறம் இது யாரோட கம்பெனி?

ஏப்ரல் 15
இத்தாலியில் பிராத்தோவிலிருந்து மகள் ருய்ச்சியாவ் பேசினாள். பிரசவம் ஜூனில். “வந்தா திரும்பிப் போகாதம்மா. அங்க உனக்கு யாரு இருக்கா?”
போனால் திரும்பி வர மாட்டேன். முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மே 3
பாஸ்போர்ட் கேட்டேன். பேரப்பிள்ளை என்றதும் குவோ முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும், “யாராவது பொறுப்பேத்துக்கிட்டா பாக்கலாம்” என்றார். யார் ஏற்பார்கள்?

மே 8
பாஸ்போர்ட் வந்துவிட்டது. நான் சொல்லாமலே ஷியாங் அண்ணன் போய்ப் பேசியிருக்கிறார். “அவங்க திரும்பி வரலன்னா என்னைப் புடிச்சுக்கங்க”ன்னு சொன்னாராம்.
யார் கேட்டா உங்கள? ஏன்ணே இப்பிடிப் பண்ணினீங்க? கதவைத் திறந்துவிட்டு வாசலில் குறுக்கே படுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ஜூன் 11, பிராத்தோ
பெண் குழந்தை. அதன் அப்பாவின் காது.

ஜூன் 24
பெட்டியைக் கட்டுகிறேன். மகள் காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள்: “ஒரு சமையல்காரருக்காகவா?”
அவருக்கு மனைவி இருக்கிறாள், இரத்த அழுத்தம் இருக்கிறது. நான் இங்கே குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்க, அங்கே அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். குழந்தை என் விரலைப் பிடித்தபடியே தூங்கிவிட்டது. மெல்ல உருவிக்கொண்டேன்.

ஜூன் 27
கம்பெனி வாசலிலேயே குவோ நின்றிருந்தார். கை குலுக்கினார், போட்டோ எடுத்தார்கள், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். முன்மாதிரி முதலாளி என்று எனக்கு விருதாம்.
கேன்டீனுக்குப் போனேன். அடுப்பங்கரை மூலையில் ஒரு மூட்டை: போர்வை, பல்துலக்கி, மாத்திரை டப்பா.
“ஊருக்காண்ணே?”
“இல்லம்மா. திடீர்னு கூட்டிட்டுப் போனா கையோட இருக்கட்டுமேன்னு...” காலால் அதை உள்ளே தள்ளினார். “சூப்பு ஆறுது, சாப்பிடுங்க.”
எதிரிலேயே நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் உருண்டையில் உப்பு அதிகம். நான் சொல்லவில்லை.