சுகம் என்று சொன்னேன்

சாலை பஜார்,
திருவனந்தபுரம்.
14-8-1983

என் மகன் இசக்கிக்கு அம்மா மாடம்மாள் எழுதுவது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மஸ்கட்டில் வெயில் கடுமை என்று எழுதியிருந்தாய். தலையில் துணி போடாமல் வேலைக்கு இறங்காதே.

எப்போதும் பக்கத்து வீட்டு ஜெயபாய்தான் எழுதித் தருவாள். இதை அவளிடம் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்து நானே எழுதுகிறேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அவரோடு மூட்டை சுமந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். அவர் தலையில் கட்டும் தோர்த்துத் துண்டு இன்னும் கொடியில்தான் கிடக்கிறது.

பத்து வருஷம் இருப்பார் என்று சொன்ன டாக்டரைச் சும்மா விடமாட்டேன், மேலிடத்துக்கு மனு போடுவேன் என்று எழுதியிருக்கிறாய். போடாதே மக்களே. மாசியில் நெஞ்சுவலி வந்தபோது ஷாக் கொடுத்துப் பிழைக்க வைத்தவர் அவர்தான்.

அப்போது நீ, அப்பாவுக்கு ஆபத்து என்றால் உடனே வருகிறேன், இல்லையென்றால் இரண்டு வருஷம் முடித்து வருகிறேன், டாக்டரிடம் கேட்டு எழுது என்றாய். அதைக் கேட்கத்தான் சித்திரையில் அப்பாவோடு போனேன். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காலில் நீர் வைக்கிறதா என்று டாக்டர் என்னிடம் கேட்டார். ஒன்றும் இல்லை, சுகமாக இருக்கிறார் என்றேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் அப்பா தூங்குவார். அன்றைக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. வேட்டியைத் தாழ இறக்கிவிட்டு வெறுங்காலோடு வந்தார். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். பெரிய மனிதர் நலம் விசாரிக்கிறார், சீக்காளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல என்று நினைத்தேன். நம் வீட்டில் யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்வோம். அந்தப் பதிலை வைத்துத்தான் ஆயுசைக் கணிக்கிறார் என்று தெரியாது.

அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, எத்தனை நாள் என்று கேட்டேன். சீட்டைப் பார்த்து, இப்படியே இருந்தால் பத்து வருஷத்துக்குப் பயமில்லை என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பத்து என்று காதில் விழுந்தபிறகு வாய் வரவில்லை. உனக்கும் அதையே எழுதச் சொன்னேன்.

ஆடியில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதும் அந்த டாக்டர்தான் இருந்தார். எல்லாம் முடிந்தபிறகு, கால் எப்போதிருந்து வீங்கியது என்று கேட்டார். சித்திரைக்கு முன்னாலேயே என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கே சொல்லியிருந்தால் மகனைக் கூப்பிடச் சொல்லியிருப்பேனே அம்மே என்றார். 

ஏச வேண்டும் என்றால் என்னை ஏசி எழுது. ஜெயபாயிடம் கொடுக்கமாட்டேன், நானே எழுத்துக்கூட்டி வாசித்துக்கொள்வேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அம்மன் உன்னைக் காப்பாள். இனி உன் கடிதத்தில் சுகம் என்று எழுதாதே மக்களே. உள்ளதை எழுது.

உன் அம்மா
மாடம்மாள்