பளபளத்த பித்தளைக் கூடுகள்

தம்பி வெர்னனுக்கு,

போன ஆகஸ்டில் உன் பட்டறையில் வைத்து என்னிடம் ஒன்று கேட்டாய். "ஒரு தடவை சுட்ட தோட்டாக் கூட்டுல மறுபடி வெடிமருந்து நிரப்பலாம்னா, ஆறு தடவை சுட்டதுல ஏன்க்கா நிரப்பக் கூடாது?" நான் ஒரு கம்பியை எடுத்து ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்திக் காட்டினேன். ஏழாவது தடவை ஒடிந்தது. தோட்டாக் கூடும் அப்படித்தான், சுடும்போதெல்லாம் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் இழுபட்டு மெலிகிறது என்றேன். டீச்சர் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே அந்தக் கூடுகளை மெருகேற்றும் இயந்திரத்தில் கொட்டினாய்.

உன் அத்தான் கிளிஃபர்டின் வலது கண்ணிலிருந்து பில்லிங்ஸ் நகர டாக்டர் மூன்று பித்தளைத் துணுக்குகளை எடுத்திருக்கிறார். பார்வை எவ்வளவு திரும்பும் என்பதை இரண்டு வாரம் கழித்துத்தான் சொல்வாராம். வேட்டையில், நீ நிரப்பிக் கொடுத்த தோட்டாக்களில் முதலாவதைச் சுட்டபோது நடந்தது அது. எல்க் மான் நின்றது நின்றபடி இருக்க, கூடு இரண்டாகக் கிழிந்து, நெருப்புக் காற்று இவர் முகத்தில் திரும்பி அடித்தது. கன்றுகளை லாரியில் ஏற்ற வேண்டிய வாரத்தில் கண்ணில் கட்டோடு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து ஏற்றிக் கொடுத்தார்கள். உன் வண்டி எட்டிப் பார்க்கவில்லை.

நீ வேண்டுமென்றா செய்தாய், விட்டுவிடு என்கிறார் இவர். அவர் விடட்டும். என்னால் முடியவில்லை.

காபிக் கடையில் நீ பேசியதும் என் காதுக்கு வந்தது. "அத்தானோட ரைஃபிள் அத்தானை விடக் கிழடு, வேற என்ன ஆகும்?" என்றாயாம். எல்லாரும் சிரித்தார்களாம். அந்த ரைஃபிளை மறுநாளே ஹால்வரிடம் கொடுத்தேன். இந்த வட்டாரத்தில் பாதித் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர் அவர்தான் என்பது உனக்குத் தெரியும். அளந்து பார்த்துவிட்டு, ரைஃபிளில் ஒரு குறையும் இல்லை என்றார். குழலுக்குள் சிக்கியிருந்த பாதிக் கூட்டை எடுத்துக் காட்டினார். வெளியே கல்யாண மோதிரம் போலப் பளபளப்பு. உள்ளே, கிழிந்த ஓரம் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது.

மெலிந்த கூட்டின் வெளிப்புறத்தில் ஒரு வெளிர் வளையம் தெரியும். முப்பது வருடமாக நிரப்புகிற உனக்கு அது தெரியாதா? முழுக் கூட்டையும் மினுக்கிவிட்டால் அந்த வளையம் எங்கே தெரியும்? கழுத்தில் கீறல் விட்டவற்றைப் பொறுக்கி எறிந்தாய், நானே பார்த்தேன். மீதியை, எது எத்தனை தடவை சுட்டது என்ற குறிப்புகூட இல்லாமல் ஒரே காபி டப்பாவில் கலந்துவிட்டாய். பெயர் எழுதாத விடைத்தாள்களைக் கலைத்துப் போட்டு, எல்லாரும் பாஸ் என்று நான் ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா?

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருப்பேன். நீதான் இரண்டு தடவையும் பாதியில் வைத்துவிட்டாய்.

இனி நான் எழுதுவதைக் கோபத்தை ஒதுக்கிவிட்டுப் படி. அதே டப்பாவிலிருந்து நிரப்பிய இன்னொரு பெட்டி உன் மகள் டெஸ்ஸாவிடம் இருக்கிறது. சனிக்கிழமை அவள் மலைக்குப் போகிறாள். கூப்பிட்டு, அதை எடுத்துப்போகாதே என்று கெஞ்சினேன். அவள் பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். "அப்பாகிட்ட கேட்டேன் அத்தை. தோட்டா நல்லாத்தான் இருக்கு, மாமா ரைஃபிள்தான் பழசுன்னு சொன்னாரு. அப்பா எனக்குப் போய் கெட்டதைக் கொடுப்பாரா?"

அவள் உன் வார்த்தையை நம்புகிறாள், வெர்னன். அதை மாற்றிச் சொல்ல உன்னால் மட்டும்தான் முடியும்.

எங்களிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். காபிக் கடையில் சொன்னதைத் திருத்தவும் வேண்டாம். இன்றைக்கே போய் அந்தப் பெட்டியை அவளிடமிருந்து வாங்கி வா. உன் பெண் இரண்டு கண்ணோடும் நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா,
ஆர்லிஸ்

பி.கு. நான் சொல்வதை இன்னும் நம்பவில்லை என்றால், ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் கொக்கி போல வளைத்துக்கொள். டப்பாவிலிருக்கும் வெற்றுக் கூடு ஒன்றுக்குள் அடிவரை விட்டு, சுவரை ஒட்டி மெல்ல மேலே இழு. அடியிலிருந்து அரை அங்குல உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால், அங்கேதான் மெலிந்திருக்கிறது; அந்தக் கூட்டைக் குறட்டால் நசுக்கி எறி.